ஆணா பெண்ணா: பங்குனி ஆமையும் குறியிடா ஆர்.என்.ஏ.வும்

தை பிறந்தால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இராத்திரி ஆமை நடை தொடங்கிவிடும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இதை விடாமல் செய்கிறார்கள். பங்குனி ஆமை இட்டுப்போன நூறு சொச்சம் முட்டைகளை எடுத்துவந்து, பொரிப்பகத்து மணலில் கழுத்து குறுகி அடி அகன்ற குழி தோண்டிப் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய அட்டையை மேலே செருகுகிறார்கள். நாயும் தெருவிளக்கும் நிறைந்த இந்தக் கரையில் முட்டை பிழைக்க வேறு வழியில்லை.

ஆனால் கடலாமைக்குப் பால் குரோமோசோம் கிடையாது. அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே பாலினத்தை முடிவுசெய்கிறது. சுமார் 30 டிகிரிக்கு மேலே போகப்போகப் பெண், கீழே வரவர ஆண். முட்டையை இடம் மாற்றும் கை ஆண்-பெண் விகிதத்தையும் மாற்றிவிடலாம் என்று மிரோசாவ்ஸ்கியும் யின்டெமாவும் 1980இலேயே எச்சரித்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேக்கர் மூவரும் சதுப்பு முதலையை ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட முடிவும் இதே வகைதான். அங்கே 28 முதல் 31 டிகிரி வரை பெண் குஞ்சுகள் மட்டுமே, 32.5ஐ ஒட்டி ஆண்கள். அரை டிகிரிக்கு இவ்வளவு எடை உண்டு என்பதைச் சென்னைக்குத் தெற்கே உள்ள கரையிலேயே பார்த்தாயிற்று.

சூடு எப்படி மரபணுவைத் தொடுகிறது? இந்தக் கேள்விக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குறியிடா ஆர்.என்.ஏ.வை முன்வைக்கும் ஆய்வுகள் குவிகின்றன. புரதமாக மாறாமல், மற்ற மரபணுக்களின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் இழைகள் இவை. சில நீண்டவை; மிகக் குட்டையானவை நுண் ஆர்.என்.ஏ.க்கள். ஆய்வுமுறை எளிது. முட்டைகளைக் குளிரிலும் சூட்டிலும் வைத்து, கருவின் இனப்பெருக்கச் சுரப்பியை எடுத்து, இரண்டிலும் உள்ள ஆர்.என்.ஏ.க்களை வரிசைப்படுத்தி ஒப்பிட வேண்டும். கண்ணுக்கு உறுப்பு வேறுபடுவதற்கு முன்பே உள்ளே நடக்கும் மாற்றம் தெரிந்துவிடும். எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டித் தீர்மானிக்கத் தேவையில்லை. இந்தப் பலம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

குறை, கிடைத்த பட்டியலை விளக்கமாக எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. சூட்டில் வளர்ந்த சுரப்பி சூலகமாகத் திரும்பத் தொடங்கியதும் அதன் செல்களே வேறாகிவிடும். அப்போது கூடியிருக்கும் நுண் ஆர்.என்.ஏ. காரணமா, விளைவா? எரியும் வீட்டின் முன் நிற்பவர்கள் எல்லாரும் தீ வைத்தவர்கள் இல்லையே. இலக்கு மரபணு எது என்பதைப் பல கட்டுரைகளில் கணினியே ஊகித்துச் சொல்கிறது. முட்டைக்குள் அந்த இழையை நிறுத்திப் பார்க்கும் சோதனை அரிதாகவே வருகிறது.

அப்படி நிறுத்திப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2018இல் சீனாவின் ஜெஜியாங் வான்லி பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு சாட்சி. செங்காது ஆமையில் கேடிஎம்6பி என்ற மரபணுவை அடக்கினார்கள். ஆணாக வேண்டிய 26 டிகிரியிலேயே, பிழைத்த கருக்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்ணாகத் திரும்பின. சூடு ஏறும்போது செல்லுக்குள் கால்சியம் புகுந்து ஸ்டாட்3 புரதத்தைத் தூண்ட, அது கேடிஎம்6பியை அடக்குகிறது என்று 2020இல் தெரிந்தது. இந்தச் சங்கிலியின் முக்கியக் கண்ணிகள் எல்லாம் புரதங்கள். கேடிஎம்6பியை அடக்கப் பயன்பட்ட கருவிதான் ஒரு குட்டைக் கொண்டையூசி ஆர்.என்.ஏ.! குறியிடா ஆர்.என்.ஏ. இந்தத் துறைக்கு இதுவரை செய்த ஐயமற்ற உதவி கருவியாக நின்றதுதான் என்பது என் கணிப்பு. 2024இல் பச்சை அனோல் பல்லியில் கண்ட மேயெக்ஸ் என்ற குறியிடா இழை உறுதியான கண்டுபிடிப்புதான். ஆனால் அது எக்ஸ் குரோமோசோம் உள்ள விலங்கில், ஆணின் ஒற்றை எக்ஸை ஈடுகட்டும் வேலையைச் செய்கிறது. பாலினத்தைத் தேர்ந்தெடுப்பது வேறு விஷயம்.

நீண்ட இழைகள் இனத்துக்கு இனம் வேகமாக மாறுபவை என்பதால் பண்ணையில் வளர்த்த செங்காது ஆமையின் பட்டியலைப் பங்குனி ஆமைக்கு அப்படியே பொருத்த முடியாது. நுண் ஆர்.என்.ஏ.க்கள் அவ்வளவு மாறுவதில்லை. இரத்தத்திலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நான் எதிர்பார்ப்பு வைப்பது அங்கேதான். கடலாமைக் குஞ்சின் பாலினம் வெளித்தோற்றத்தில் தெரியாது. திசுவை வெட்டிப் பார்ப்பதென்றால் குஞ்சு சாக வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரை அப்படிக் கொல்வதை யாரும் விரும்ப மாட்டார்கள். சொட்டு இரத்தத்தில் ஏஎம்எச் என்ற புரதத்தைப் பார்த்தே பாலினம் சொல்லலாம் என்று 2020இல் பெருந்தலை ஆமையில் காட்டியிருக்கிறார்கள். நுண் ஆர்.என்.ஏ. சோதனை அதைவிட மலிவாகவோ துல்லியமாகவோ இருந்தால்தான் பொரிப்பகத்துக்குப் பயன். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒவ்வொரு குழியிலும் வெப்பமானி புதைத்து, நடு அடைகாலத்து அளவைக் குழியின் மேல் செருகிய அட்டையிலேயே எழுதிவைப்பது. சூடு மிஞ்சினால் மேலே நிழல்வலை கட்டலாம். எந்த இழை எந்த மரபணுவை அடக்குகிறது என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது.