டேனியல் பூனின் குலவரலாறு: சான்றும் கதையும்

தந்தை, பாட்டன், பூட்டன் என்று பெயர்களை வரிசையாக எழுதிவிட்டால் ஒருவரது குலவரலாறு கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே உள்ள உறவுக்குச் சான்று இல்லையேல் அது வெறும் பெயர்ப் பட்டியலே. ஆங்கிலேயர் ஆட்சிக்கால அமெரிக்காவின் காட்டு எல்லையில் குடியேறிப் புகழ்பெற்ற டேனியல் பூன் (1734-1820) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவரைப் பற்றிய இரண்டு மூலங்களை இங்கே சீர்தூக்கிப் பார்ப்போம்.

முதலாவது, ஜான் ஃபில்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1784-இல் வெளியிட்ட கென்டக்கி பற்றிய நூல். அதன் பிற்சேர்க்கையில் பூனின் வரலாறு, அவரே 'நான்' என்று சொல்வதுபோல் அமைந்துள்ளது. படிப்பவர் இதைத் தன்வரலாறு என்றே நம்புவார். ஆனால் பூனின் கைப்பட எழுதிய கடிதங்களில் எழுத்துப்பிழைகள் மலிந்துள்ளன. நூலின் அலங்கார நடை ஃபில்சனுடையது. கென்டக்கியில் அவருக்கு நில நாட்டமும் இருந்தது. குடியேறுவோர் பெருகினால் அவருக்கு ஆதாயம். மேலும், கதை 1769 மே 1-ஆம் நாளன்றுதான் தொடங்குகிறது. அப்போது பூனுக்கு வயது 34. ஆகவே முன்னோரை அறிய இந்நூல் உதவாது.

இரண்டாவது, லைமன் டிரேப்பர் திரட்டிய கையெழுத்துத் தொகுப்பு. அவர் 1851-இல் பூனின் இளைய மகன் நேதனைச் சந்தித்து, கேட்டவற்றை விரிவாகக் குறித்துக்கொண்டார். யார் எதைச் சொன்னார் என்று பிரித்து எழுதியது அவரது பெருஞ்சிறப்பு. ஆயினும் பூனின் பாட்டனார் ஜார்ஜ் பூன் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்தது 1717-இல். நேதன் பிறந்ததோ 1781-இல். 134 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தியை அவர் பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிந்திருக்க முடியும். தந்தையைப் பற்றி நேதன் கூறுவதற்குள்ள மதிப்பை, கொள்ளுப்பாட்டனாரைப் பற்றி அவர் கூறுவதற்குத் தரலாகாது.

அப்படியானால் முன்னோரை எவ்வாறு அறிவது? பூன் குடும்பத்தினர் குவேக்கர் சமயத்தினர். குவேக்கர் திருமணச் சான்றில் வந்திருந்தோர் சாட்சிகளாகக் கையெழுத்திடுவர். பூனின் பெற்றோரான ஸ்குவயர் பூன், சாரா மார்கன் ஆகியோர் 1720-இல் இம்முறையில் மணந்தனர். 'ஸ்குவயர்' என்பது இங்கே பட்டமன்று, பெயர். பூனின் தம்பி ஒருவருக்கும் அதே பெயர். ஜார்ஜ் என்ற பெயரும் தலைமுறைதோறும் வருகிறது. பெயர் ஒத்திருப்பதை மட்டும் நம்பினால் தந்தையும் மகனும் ஒருவராகிவிடுவர்!

நாள்களிலும் கவனம் வேண்டும். 1752-க்கு முன் ஆங்கிலேயர் நாடுகளில் புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. குவேக்கர்கள் மார்ச்சையே முதல் மாதமாக எண்ணினர். அவர்களது 'எட்டாம் மாதம்' அக்டோபர் ஆகும், ஆகஸ்டு அன்று. பூன் பிறந்த நாள் பழைய நாள்காட்டிப்படி அக்டோபர் 22, புதியதன்படி நவம்பர் 2. இரண்டும் ஒரே நாள்தான்.

பிள்ளைகள் சமயத்துக்கு வெளியே மணந்ததால் ஸ்குவயருக்கும் குவேக்கர் சபைக்கும் பிணக்கு மூண்டது. 1750-இல் குடும்பம் தெற்கு நோக்கிப் புறப்பட்டு வட கரோலினாவின் யாட்கின் ஆற்றோரம் சென்றது. சபையை விட்டு விலகியதும் சபைப் பதிவும் நின்றது. எல்லைப்புறத்தில் நீதிமன்றமும் பதிவேடும் மெல்லத்தான் ஏற்பட்டன; யாட்கின் பகுதிக்கான ரோவன் மாவட்டமே 1753-இல்தான் அமைந்தது. ஊரில் சான்று செறிந்திருக்கிறது, காட்டில் மெலிகிறது. மெலிந்த இடத்தில்தான் வீரக்கதைகள் தழைக்கின்றன.

டி.என்.ஏ. சோதனை இந்தக் குறையைத் தீர்க்காதா என்று நீங்கள் கேட்கலாம். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் செல்கிறது. எனவே பூன் என்ற பெயருள்ள இருவர் ஒரே ஆண் வழியினரா என்று அது காட்டும். ஆனால் டேனியலும் அவருடைய சகோதரர்களும் ஒரே குரோமோசோமைப் பெற்றவர்கள். ஒருவர் டேனியலின் வழியா, தம்பியின் வழியா என்பதை அது மட்டும் சொல்லாது. மகள் வழி வந்தோரிடம் அது இருக்கவே இராது. மற்ற குரோமோசோம்களில் முன்னோரின் பங்கு தலைமுறைதோறும் சராசரியாகப் பாதியாகிறது. எட்டாம் தலைமுறையில் அது 256-இல் ஒன்றுதான்.

ஆகவே ஃபில்சனின் நூலை ஒதுக்கிவிட வேண்டுமென்பதில்லை. அக்காலக் கென்டக்கியை மக்களுக்கு எப்படிக் காட்டினார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. பூனின் குலத்துக்கு அன்று. டிரேப்பரின் குறிப்புகளோ நேரில் கண்டதற்கும் கேள்விப்பட்டதற்கும் வேறுபாடு கண்டு படிப்போருக்குப் பெரும் பயன் தரும். எந்தக் குலவரலாற்றைப் படித்தாலும், ஒவ்வொரு செய்தியையும் யார், எப்போது, எப்படி அறிந்து சொன்னார் என்று கேளுங்கள். விடை இல்லாத இடத்தில் கோட்டை நீட்டாமல் இடைவெளியாகவே விட்டுவிடுங்கள்.