மூன்று மாத டாக்டர்

பட்டமேற்படிப்பு படிக்கும் மருத்துவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தாக வேண்டும் என்ற விதி 2020 செப்டம்பரில் வந்தது. 2021-இல் சேர்ந்தவர்கள் முதல் அது கட்டாயம். அந்த மருத்துவமனைக்கு 100 படுக்கையாவது இருக்க வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை 50 ஆக்கியது. மருத்துவக் கல்லூரி இல்லாத, விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களுக்கும் இந்த விதியால் இப்படி டாக்டர்கள் வர வழி பிறந்தது. பொது மருத்துவம் படிக்கும் ஒருவர் இப்படிப்பட்ட ஊருக்கு வந்தால் அவருடைய காலைப் பொழுது புறநோயாளிகளைப் பார்க்கும் ஓ.பி.யில்தான் போகும். அந்த ஓ.பி.யை வைத்துத்தான் இந்த ஏற்பாட்டை எடைபோட வேண்டும்.

ஊருக்குக் கிடைக்கும் நன்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை 70 கிலோமீட்டருக்கு மேல். ராஜபாளையம் இன்னும் தள்ளி. விருதுநகரில் மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியில்தான். "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று எழுதிக் கொடுத்தால், ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. ஈ.சி.ஜி.யைப் பார்த்து, இது இங்கேயே வைத்துப் பார்க்கக் கூடியது, இதை உடனே அனுப்ப வேண்டும் என்று பிரித்துச் சொல்ல இன்னொருவர் இருப்பது பெரிய காரியம்.

டாக்டருக்குக் கிடைப்பது அதைவிடப் பெரிது. கல்லூரி வார்டுக்கு நோய் பெயரோடு வரும். இங்கே "தலை கிறுகிறுங்குது", "ஒரே அசதி" என்றுதான் வரும். ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில்தான் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். முழு நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, காலைச் சாப்பாடு இல்லாமல், நேரே வரிசையில் வந்து நிற்கும் பெண்ணுக்குச் சர்க்கரை மாத்திரை காலையும் இரவும் ஒன்று என்று சீட்டில் எழுதியிருக்கும். அவருக்கு எது காலை, எது இரவு? வாரம் மாறினால் ஷிப்ட் மாறும். சாப்பாட்டு நேரமும் மாறும். கிளிமிபிரைட் போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் தூங்கினால் சர்க்கரை கீழே இறங்கிவிடும். கிறுகிறுப்புக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். "இந்த வாரம் எந்த ஷிப்ட்?" என்று கேட்கத் தோன்றுவதுதான் ஓ.பி. கற்றுத்தரும் வைத்தியம்.

அந்தக் கேள்வி நாவில் பழகி வரும்போது மூன்று மாதம் முடிந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான். ஒரு மாதம் மாத்திரையைக் கூட்டினால் அடுத்த மாதம் அதே ஆளைப் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் கூட்டியது சரியா என்று தெரியும். மூன்று மாதத்தில் ஒரு நோயாளியை மூன்று முறை பார்த்தாலே அதிகம். அடுத்து வருபவர் கசங்கிய பழைய சீட்டைப் பிரித்து, வரிசையின் நீளத்தையும் பார்த்து, "சி.எஸ்.டி." என்று எழுதுவார். அதாவது, அதே மருந்தைத் தொடரவும். மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கிடைப்பது முன்போலப் பிரச்சினை இல்லை. அளவை மாற்றும் முடிவு மட்டும் இன்னும் ஓ.பி. மேசையில்தான் நடக்கிறது. அந்த மேசையில் உட்காருபவர் மாறிக்கொண்டே இருந்தால் முடிவெடுக்க ஆளில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, மேற்பார்வை. உள்ளூர் நிபுணரின் கீழ் வேலை, தாய்க் கல்லூரி ஆசிரியர்களோடு போனில் தொடர்பு என்று விதி சொல்கிறது. அந்த நிபுணருக்கு வார்டு இருக்கிறது, பிரேதப் பரிசோதனை இருக்கிறது, கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. (மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது.) இது எந்த ஆஸ்பத்திரியின் குற்றமும் இல்லை, ஆள் அவ்வளவுதான். ஆனால் பார்த்த நோயாளியைப் பற்றிப் பேச ஆளில்லாத பயிற்சி வெறும் வேலைதான். ஓ.பி. முடிந்ததும் அரை மணி நேரம், அன்று குழப்பிய நாலு சீட்டை எடுத்து வைத்து, பெரியவர் ஒருவர் "இதை ஏன் கொடுத்தீங்க தம்பி?" என்று கேட்டால் போதும். போனில் கேட்டாலும் சரி.

அமெரிக்காவில் பொது மருத்துவப் பயிற்சி மருத்துவர்கள் தமக்கென ஒரு நோயாளிக் கூட்டத்தைப் பயிற்சிக்காலமான மூன்று ஆண்டும் தொடர்ந்து பார்க்கிறார்கள். அவர்களிடம் உள்ள வசதி நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் இதற்குத் தேவை பணத்தைவிட அட்டவணைதான். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவப் பட்டமேற்படிப்பு படிக்கும் மாணவர்களில் சிலரை, வாரம் ஒரு நாள், படிப்பு முடியும்வரை ஒரே ஊருக்கு அனுப்பலாம். வார்டு டியூட்டிக்கு ஆள் குறையும் என்று துறை முணுமுணுக்கும்; அந்த முணுமுணுப்பில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் விருதுநகர் போக இழக்கும் ஒருநாள் கூலியோடு ஒப்பிட்டால், ஒரு மாணவரின் ஒருநாள் பயணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்று மாத விதியை டெல்லி மாற்றும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அதற்கு மேல் இந்த ஒருநாளைச் சேர்க்க மாநில அரசு மனது வைத்தால் போதும்.