ஒற்றை டிக்கில் நிற்கும் இட்லி மாவு

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இனி யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் வந்தது. கேட்டலாக், லேபிள், குயிக் ரிப்ளை எல்லாம் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரருக்கே அத்துப்படி. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, என்னை மாதக்கணக்கில் ஆட்டிவைக்கும் ஒரு வசதியைப் பற்றியே முக்கியமாக எழுதுகிறேன்: பிராட்காஸ்ட் லிஸ்ட்.

புணேயில் நவி சாங்விப் பக்கம் என் மதினி இட்லி மாவு, தோசை மாவு, மிளகாய்ப்பொடி விற்கத் தொடங்கினார். மாவரைப்பது அவர் பொறுப்பு, போன் என் பொறுப்பு. சம்பளம், வாரம் ஒரு பாக்கெட் மாவு. வாங்குவோரில் பாதிக்கு மேல் மராத்திக் குடும்பங்கள். அவர்களுக்கு மதினி 'தாயி' (மராத்தியில் அக்கா), நான் 'அண்ணா'. மாவு தயாரானதும் சாயங்காலம் ஒரே செய்தியில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் தேவை. பிராட்காஸ்ட் லிஸ்ட் அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். பெறுபவருக்கு அது தனிச் செய்தியாகப் போகும், அவர் போடும் பதிலும் நமக்கு மட்டும்தான் வரும்.

ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். நீங்கள் அவர் நம்பரை எத்தனை பக்தியோடு சேமித்து வைத்திருந்தாலும் பயனில்லை. அவர் சேமிக்காதவரை உங்கள் மாவு ஒற்றை டிக்கில்தான் நிற்கும். சரி, யார் சேமித்திருக்கிறார் என்றாவது செயலி சொல்லுமா? சொல்லாது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, தகவல் பக்கத்தைத் திறந்து, யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார் என்ற பட்டியலைப் பார்த்து, அதில் இல்லாதவர்களை நாமே கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதும் சந்தேகம் தீராது. போனை அணைத்துவைத்தவரும் சேமிக்காதவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டியலில் காணோம் என்றால் சேமிக்கவில்லை என்று முடிவு செய்யலாம். கணக்குவழக்கில் கெட்டிக்காரியான மதினி இதற்கு நோட்டு போட்டிருக்கிறார். செயலி செய்ய வேண்டிய வேலையை நாற்பது பக்க நோட்டு செய்கிறது.

இங்கேதான் க்யூஆர் கோடு என்னும் மாயமான் வருகிறது. பிசினஸ் செயலி நம் கடைக்கென்று ஒரு க்யூஆர் கோடு தருகிறது. அதை அச்சடித்து பாக்கெட்டில் ஒட்டலாம், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டலாம். ஸ்கேன் செய்தால் நம் அரட்டைப் பக்கம் திறக்கும். அவரும் 'ஹாய்' என்று அனுப்பிவிடுவார், நாமும் ஒரு வாடிக்கையாளர் சிக்கினார் என்று மகிழ்ந்துபோவோம். நம்பர் மட்டும் அவர் போனில் ஏறியிருக்காது. ஸ்கேன் செய்தவர் கணக்கு ஏறிக்கொண்டே போகும், செய்தி பெறுபவர் கணக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். கூட்டம் சேர்ந்திருக்கிறது என்ற மயக்கத்தில் கூடுதலாக ஊறப்போட்ட அரிசிக்கு யார் பதில் சொல்வது?

ஸ்டேட்டஸ் வசதிக்கும் இதே கதிதான். அதில் இருவரும் ஒருவர் நம்பரை ஒருவர் சேமித்திருக்க வேண்டும். ஆக, இந்தச் செயலியில் உங்கள் சந்தாதாரர் பட்டியல் உங்கள் போனில் இல்லை, வாடிக்கையாளரின் போன்களில் சிதறிக் கிடக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு க்யூஆரை விட உதவியாக இருப்பது பழைய சாதாரண கான்டாக்ட் கார்டுதான். முதல் ஆர்டர் வந்ததும் நம் நம்பரையே கான்டாக்டாக அனுப்பிவிட்டால், பெறுபவர் இரண்டு தட்டில் சேமித்துவிடலாம். மாவைக் கையில் கொடுக்கும்போது மதினி மராத்தியில் "ஆத்தா சேவ் கரா", அதாவது இப்போதே சேமியுங்கள், என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் சேமிக்கும்வரை வாசலை விட்டு நகர மாட்டார். எந்த நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பயிற்சியிலும் இதைச் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

லேபிள் எனக்குப் பிடித்த வசதி. லேபிள் போட்ட வாடிக்கையாளர்களை அப்படியே பிராட்காஸ்ட் பட்டியலாக மாற்றிக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் மாவு விற்பவருக்கு இதன் அருமை ஏகாதசி அன்று தெரியும். விரதம் இருக்கும் வீட்டில் அன்று அரிசி இறங்காது, ஜவ்வரிசிக் கிச்சடிதான். ஆஷாடி ஏகாதசியன்று, விட்டல பக்தர்களான வாரகரிகள் பண்டரிபுரத்தில் கூடியிருக்கும் நாளில், 'சூடான இட்லிக்கு மாவு தயார்' என்று ஒரு பக்தரின் போனில் மணியடித்தால் அடுத்த நாள் அந்த வீட்டு ஆர்டரும் போய்விடும். விரத வீடுகளுக்கு ஒரு லேபிள் போட்டுவைத்தால் அந்தச் சங்கடம் இல்லை. குயிக் ரிப்ளையும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரிக் குளிரில் "மாவு பொங்கவே இல்லையே" என்று கேட்பவருக்கு '/தண்டி' (மராத்தியில் குளிர்) என்று தட்டினால் போதும், அடுப்புப் பக்கம் வைக்கச் சொல்லும் முழுப் பதிலும் தானாக வந்து நிற்கும்.

கிரீட்டிங் மெசேஜ் அதற்கு நேர்மாறு. முதன்முறை வருபவருக்கு மட்டுமல்லாமல், 14 நாள் பேச்சுவார்த்தை இல்லாதவருக்கும் அது வரவேற்பு வாசிக்கும். ஊருக்குப் போய்த் திரும்பிய பழைய வாடிக்கையாளருக்கு 'எங்கள் கடைக்கு முதல்முறை வருகிறீர்களா' என்ற தொனியில் செய்தி போனால் எப்படி இருக்கும்? அமைப்புகளில் போய், நம் போனில் நாம் சேமித்து வைக்காதவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். குரூப்பில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும், பக்கத்து பில்டிங்கில் நாளைக்கே மாவரைக்கத் தொடங்குபவர் உட்பட. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனலில் ஆள் எண்ணிக்கைக்குக் கவலையில்லை. ஆனால் அதில் "இரண்டு பாக்கெட் எடுத்து வையுங்கள்" என்று பதில் போட வழியில்லை. எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி டிஎல்டி என்னும் பதிவுத் தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தி வாசகம் என எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். மாவுக்கடைக்கு அது ஆகிற காரியமல்ல. ஜோஹோவின் 'அரட்டை' செயலி மேல் எனக்கு ஊர்ப்பாசம் உண்டு, மறைக்கவில்லை. 2025 செப்டம்பர் கடைசியில் நாடே அதைத் தரவிறக்கியபோது நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஆனால் மாவு வாங்குபவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் விற்க முடியும், அவர் பச்சைச் செயலியை விட்டு நகர்வதாக இல்லை.

ஒரு கட்டுப்பாட்டை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் நம் செய்தியை ஒரே தடவையில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது. 2018 ஜூலை 1 அன்று இதே மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பிய கும்பல் ஐந்து பேரை அடித்தே கொன்றது. அந்த மாதமே இந்தியாவில் இந்த வரம்பை முதலில் சோதித்தார்கள். மாவுச் செய்தி நாலு பேருக்குக் குறைவாகப் போனால் போகட்டும்.

என் எரிச்சல் வேறு இடத்தில். நம்பரைச் சேமித்தவருக்கே செய்தி என்ற விதி, கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வேண்டாதவர் வீட்டுக் கதவைத் தட்டாதே என்கிறது. ஆனால் அதே நிறுவனம் பெரிய வியாபாரிகளுக்கென்று பிசினஸ் பிளாட்ஃபார்ம் என ஒன்று வைத்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் அதில் ஒவ்வொரு மார்க்கெட்டிங் செய்திக்கும் தனிக் கட்டணம். வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும் என்று கொள்கை சொல்கிறதே தவிர, அவர் நம்பரைச் சேமித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் எந்த மெத்தைக் கடையின் நம்பரையும் சேமித்ததில்லை, மெத்தைத் தள்ளுபடி மட்டும் தவறாமல் வருகிறது அல்லவா? மாவுக்காரர் வாசலில் நின்று கேட்டு வாங்க வேண்டிய அனுமதியை மெத்தைக்காரர் காசு கொடுத்துத் தாண்டிவிடுகிறார். விளம்பரமே கூடாது என்று பிடிவாதமாக இருந்த இருவர் தொடங்கிய செயலி இது. 2014இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. அந்தக் காசை எங்கிருந்தாவது எடுத்துத்தானே ஆக வேண்டும்!

இருந்தாலும் சின்னக் கடைக்கு இதையே பரிந்துரைப்பேன். இலவசம், தெரிந்த முகங்களுக்குப் போகிறது, பதில் வருகிறது. யார் நம்பரைச் சேமித்திருக்கிறார் என்று காட்டும் ஒரே ஒரு குறியைச் சேர்த்துவிட்டால் மதினியின் நோட்டை மூடிவிடலாம்.

பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சி மகளிர் குழுக்களுக்காக நடத்தும் பவனாதடி ஜத்ரா, சாங்வி பிடபிள்யூடி மைதானத்தில் நடந்திருக்கிறது. அடுத்த முறை அங்கே ஸ்டால் போட மதினிக்கு ஆசை. க்யூஆர் ஸ்டாண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம்பரைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி, சேமித்துக் காட்டுபவருக்கு ஒரு சின்னப் பொட்டலம் மிளகாய்ப்பொடி கொடுப்பதாக ஏற்பாடு. "தம்பி, பொடியை வாங்கிட்டு நம்பரை அழிச்சிட்டா?" என்று கேட்கிறார் மதினி. அதற்கும் நோட்டில் ஒரு பத்தி ஒதுக்க வேண்டியதுதான்.