குடவோலையும் கணக்கும்

உத்தரமேரூர்க் கல்வெட்டு என்றவுடன் தமிழ் பயில்வார் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது குடவோலை. குடத்துள் ஓலையிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த அம்முறை, பள்ளிப் பாடநூல் தொடங்கி, 2020 ஆம் ஆண்டு புதிய பாராளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவின் உரை ஈறாகப் பலவிடத்தும் எடுத்துக்காட்டப் பெற்றுள்ளது. தேர்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று என்னும் பெருமிதத்திற்கு அஃது ஒரு சான்று. அப்பெருமிதம் குற்றமுடையதன்று. ஆயினும், அக்கல்வெட்டினை முற்றப் படிப்பார்க்கு, அதன் நோக்கம் தேர்ந்தெடுக்கும் முறையோடு நின்றுவிடவில்லை என்பது புலனாகும். தேர்ந்தெடுக்கப் பெற்றவன் ஊர்ப்பொருளுக்குக் கணக்குக் காட்டுதலே அதன் உயிர்நிலை. இவ்வுயிர்நிலையை நம் இலக்கிய மரபோடும், நம் காலத்துக் குடிமக்கள் அமைப்புக்கள் ஊழலை எதிர்த்து ஆற்றிய பணியோடும் வைத்து ஒப்பு நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் நெறி

'ஊழல்' என்னும் சொல்லின் வரலாறே சிந்திக்கத் தக்கது. ஊழ்த்தல் என்பதற்கு முதிர்தல், மலர்தல் என்னும் பொருள்கள் உண்டு. திருக்குறளின் சொல்வன்மை அதிகாரத்தில் அது மலர்தற்பொருளில் ஆளப்பட்டுள்ளது. மிக முதிர்ந்தது பதனழியும், பதனழிந்தது நாறும். இங்ஙனம் கெட்டழிந்த பொருளைக் குறித்த சொல், பொதுவாழ்வின் சீர்கேட்டிற்குப் பெயராயிற்று. நன்றாகத் தோன்றியதே கவனிப்பாரின்றிக் கெடும் என்னும் கருத்து இச்சொல்லினுள் அடங்கிக் கிடத்தல் காண்க. பிற்காலத்தார் இச்சொல்லைப் பொதுப்பொருட் களவிற்கு வழங்கியது பொருத்தமுடைத்தே.

அரசு நெறி பிழையாது நிற்றற்கு நம் இலக்கியம் காட்டும் வழிகள் இரண்டு. ஒன்று, சான்றோர் அரசனுக்கு அறிவுரை கூறுதல். பாண்டியன் அறிவுடை நம்பியை நோக்கிப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தரின் சிறு நிலமும் யானைக்குப் பன்னாள் உணவாகும்; யானை தானே வயலுட் புகின், உண்பதினும் காலால் அழிவது மிகும் என்பது புலவர் காட்டும் உவமை. இறை கொள்ளுதற்கு ஓர் அளவும் ஒழுங்கும் வேண்டும் என்பதே அதன் கருத்து. வள்ளுவரும் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், இடித்துரைப்பார் இல்லாத அரசின் கேட்டினை எடுத்துரைக்கின்றார். இவ்விடங்களில் பேசுவோர் புலவர், கேட்போர் வேந்தர். இறை தரும் உழவன் பேசப்படுகின்றானேயன்றித் தான் பேசினானல்லன்.

மற்றொன்று, முறையிடல். இதன் உச்சியைச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையிற் காண்கின்றோம். கண்ணகியின் சினத்தையும் துயரத்தையும் பாராட்டிய திறனாய்வாளர் பலர். அவள் வழக்கினை நிறுவிய முறையைப் பாராட்டியோர் அத்துணைப் பலர் அல்லர். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற அரசன்முன், அவள் சிலம்பின் உட்பரலைச் சான்றாகக் காட்டுகின்றாள். அரசியின் சிலம்பிற்குப் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிற்கோ மாணிக்கம். யாவரும் காண உடைத்துப் பார்த்த அளவில் வழக்கு முடிந்தது. கண்ணீரினும் சான்றே அவ்வவையை வென்றது எனலாம். ஆயினும், அவள் தனியளாய் வந்தவள். அவளுக்குப் பின் வரும் முறையாளர் பயன்படுத்துதற்குரிய ஏற்பாடு ஒன்றும் அவ்வவையில் தோன்றவில்லை; அரசன் உயிர் நீத்தான், நகர் எரியுண்டது.

ஆகவே, அறிவுரை அரசனது பண்பை நம்பியது. முறையீடு தனியொருவரது துணிவை நம்பியது. இரண்டும் உயர்ந்தனவேயெனினும், ஆண்டுதோறும் தவறாது நிகழ வேண்டிய கணக்குத் தணிக்கைக்கு இரண்டும் போதா.

கல்வெட்டின் வாசகம்

இக்குறையை நிரப்ப முயன்றதே உத்தரமேரூர் ஏற்பாடு. முதற் பராந்தக சோழனது 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளுக்கு (கி.பி. 919, 921) உரிய இரு கல்வெட்டுக்கள் அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. வெங்கையா அவர்கள் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். நீலகண்ட சாத்திரியார் சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் ஆராய்ச்சியில் இவற்றை விரிவாக விளக்கினார். முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்ட ஊரில், ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினர் ஆண்டுதோறும் தெரிந்தெடுக்கப்பட்டனர்.

இவற்றுள் நாம் கருதத் தக்கவை நான்கு. முதலாவது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. இரண்டாவது, அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மருமகன், மைத்துனன், சிற்றன்னை பேரன்னையர் மக்கள் முதலிய சுற்றத்தார்க்கும் அத்தடை உண்டு. பினாமி என்று நாம் இன்று வழங்கும் சூழ்ச்சியை அவ்வூரார் அன்றே அறிந்திருந்தனர் போலும். மூன்றாவது, முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவன் மீண்டும் வருதலாகாது. நான்காவது, கணக்கெழுதியவன் தன் கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும். பிறனொருவன் அதனை முடித்துத் தருதல் கூடாது.

ஓர் ஏற்பாடு செய்த ஈராண்டிற்குள் அதனைத் திருத்தி மற்றொன்று செய்தமையும் நோக்கத் தக்கது. முதற் கல்வெட்டில் 30 முதல் 60 என இருந்த வயது வரம்பு, அடுத்ததில் 35 முதல் 70 என மாற்றப்பட்டது. விதி ஒருமுறை எழுதப்பட்டவுடன் நிறைவுறுவதன்று என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

கல்வெட்டின் உரைநடையும் நம் கருத்தை ஈர்க்கின்றது. 'சபையோம்' எனத் தன்மைப் பன்மையில் நின்று, செய்தோம் என முடிக்கும் நடை அது. வினைமுதல் மறைவதில்லை. எழுதிய மத்தியத்தனும் தன் பெயரைப் பொறித்துச் செல்கின்றான்.

இத்துணையும் கூறிய பின்னர் ஒன்றனை மறையாது கூறுதல் திறனாய்வாளர் கடன். இச்சபை அந்தணர் ஊராகிய பிரமதேயத்தின் சபை. இறை இறுக்கும் கால் வேலி நிலமும், தன் மனையில் எடுத்த வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அது திறந்திருந்தது. ஏரியைத் தூர்வாரியவனும் வயலில் நாற்று நட்டவளும் அதன்கண் இடம்பெற்றிலர். எனவே, இதனைக் குடியாட்சி என்று முழுவதும் கொண்டாடுவார் கூற்று மிகைபடக் கூறலாம். இதன்கண் ஒன்றுமில்லை என்று தள்ளுவார் கூற்றும் குன்றக் கூறலாம். கணக்குக் காட்டல் என்னும் விதி சிறந்தது. யாருக்குக் காட்டுவது என்னும் வினாவிற்கு அது தந்த விடை குறுகியது.

மக்கள் கேட்ட கணக்கு

அவ்வினாவிற்கு விரிந்த விடை, நிலமற்ற உழைப்பாளரிடமிருந்து வந்தது. இராசத்தானத்தில் 1990 ஆம் ஆண்டு மே முதல் நாளில் தோன்றிய மசுதூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர் உழவர் அமைப்பு, பஞ்ச நிவாரண வேலைகளில் சட்டக் கூலி கிடையாமையைக் கண்டு போராடத் தொடங்கியது. சென்னையிற் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து அங்குச் சென்ற அருணா ராய் அதனை நிறுவியோருள் ஒருவர். 1994 திசம்பர் 2 ஆம் நாள் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் ஊரில் முதற் பொதுமக்கள் விசாரணை நடைபெற்றது. இவ்விசாரணைகளிற் செய்தது எளியது. வேலைக்கு வந்தோர் பெயர்ப்பட்டியலையும் செலவுச் சீட்டுக்களையும் ஊரார்முன் உரக்கப் படித்தனர். வாராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டதும், முடியாத கட்டடத்திற்குப் பணம் கொடுக்கப்பட்டதும் அவ்வூராராலேயே வெளிப்பட்டன. 1996 ஏப்பிரலில் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போர் நிகழ்ந்தது. இராசத்தான் சட்டம் 2000 இலும், நாடு முழுமைக்குமான தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 இலும் பிறந்தன. அவ்வாண்டிலேயே இயற்றப்பெற்ற ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17 ஆம் பிரிவால் சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடம் ஒப்படைத்தது.

தமிழகம் 1997 ஆம் ஆண்டிலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய முதன்மை மாநிலங்களுள் ஒன்று. ஆயின், விலக்குகள் மலிந்த அச்சட்டம் பெரும்பயன் விளைக்கவில்லை. மேலிருந்து தரப்பட்ட சட்டத்திற்கும், கேட்டுப் பெற்ற சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டிற்கு இவ்விரு மாநிலங்களும் சான்றாவன.

அங்கதமும் முழக்கமும்

குடிமக்கள் அமைப்புக்களின் முறைகள் பல. சென்னையில் தோன்றிய 'ஐந்தாவது தூண்' என்னும் அமைப்பு, 2007 முதல் சுழி ரூபாய்த் தாள்களை அச்சிட்டு வழங்கியது. கையூட்டுக் கேட்பார் கையில் மதிப்பற்ற தாளொன்றை வைத்தல் அதன் முறை. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இருவகைப்படுத்துவர். வாயாற் பழியாது, பணம்போலத் தோன்றும் தாளினுள் பழியைக் கரந்து தரும் இம்முறை பழிகரப்பின்பாற் படும். நேரே மறுக்க அஞ்சும் எளியார்க்கு அது துணையாயிற்று.

அகமதாபாது மேலாண்மைக் கழகப் பேராசிரியர் சிலர் 1999 இல் தொடங்கிய சனநாயகச் சீர்திருத்தச் சங்கம், வழக்குமன்ற வழியை மேற்கொண்டது. வேட்பாளர் தம் சொத்தையும் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் வெளியிடல் வேண்டும் என்னும் 2002 ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்கும், தேர்தல் பத்திர முறையைச் செல்லாதாக்கிய 2024 பிப்பிரவரித் தீர்ப்பிற்கும் அதன் வழக்குகள் காரணமாயின. ஆசிரியத் தொழிலோர் வகுப்பறைக்கு வெளியே ஆற்றத் தக்க பணிக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

2011 இல் அன்னா அசாரே உண்ணாநோன்பிருந்து எழுப்பிய பேரியக்கம் வேறுவகையானது. அதன் முழக்கம் நாடெங்கும் கேட்டது. உலோக்பால் சட்டம் 2014 சனவரியில் ஒப்புதல் பெற்றது. முதல் தலைவரோ 2019 மார்ச்சில்தான் அமர்த்தப்பெற்றார். முழக்கம் ஓய்ந்தபின் எஞ்சுவது யாது என்னும் வினா இதனால் எழுகின்றது. கோட் கிரானாவில் ஒலித்தது ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் தொகையும் கூடிய பட்டியல். அது சிறிதெனினும், கேட்டவர் ஒவ்வொருவரும் சான்றாளர் ஆயினர். இரண்டனுள் நிலைத்த பயன் தருவது பின்னதே என்பது எம் துணிபு.

கீழ்பென்னாத்தூர்ப் பகுதியும் ஆட்சித் தமிழும்

இனி, நம் அருகிலுள்ள நிலையை நோக்குவாம். கீழ்பென்னாத்தூர் ஒரு பேரூராட்சி. அதனைச் சூழ்ந்த சிற்றூர்கள் கிராம ஊராட்சிகள். கிராம சபை ஊராட்சிக்கே உரியது. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டிற்கு ஆறு சபைகள் தமிழகத்தில் வகுக்கப்பட்டுள்ளன. வரவு செலவு அச்சபையில் வைக்கப்பட வேண்டும். 2019 திசம்பர்த் தேர்தலில் வென்றோர் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பேற்ற காலத்தில், கணக்குக் கேட்டற்கு ஊரார்க்கு எஞ்சிய இடம் சபை ஒன்றே.

அச்சபையிற் படிக்கப்படும் தமிழ் எத்தகையது? எம் மாணவருட் பலர் இச்சிற்றூர்களிலிருந்து வருவோர். முதுகலைத் தமிழ் பயின்ற அவர்களுக்கே மதிப்பீட்டுத் தாளும் அளவுப் புத்தகமும் விளங்குவதில்லை. 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது', 'பணி முடிக்கப்பட்டது' என்பனவே வாசகங்கள். எடுப்பவர் யார், முடித்தவர் யார், எத்துணைக்கு என்பன இல்லை. செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறும் வழக்கினைத் தொல்காப்பியர் ஒப்பினார். மெழுகப்பட்ட திண்ணை தானே மெழுகியதாகச் சொல்லுதல் வீட்டு வழக்கில் இனிது. ஊர்ப்பணத்திற் போட்ட சாலை தானே போட்டுக்கொண்டதாகச் சொல்லுதல் இனிதன்று. 'சபையோம், செய்தோம்' என்ற நடையிலிருந்து நம் ஆட்சித்தமிழ் எத்துணைத் தொலைவு வந்துவிட்டது! ஆட்சிமொழிச் சட்டம் 1956 இல் வந்தது. மொழி தமிழாயிற்று; வினைமுதல் மறைந்தது.

இதனோடு மற்றோர் இடரும் சேர்ந்துள்ளது. 2023 ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற மின்னணுத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவைத் திருத்தி, தனியாள் பற்றிய செய்தியைத் தர மறுத்தற்குரிய இடத்தை விரித்தது. தனி வாழ்வைக் காத்தல் வேண்டற்பாலதே. ஆயின், பெயர் நீங்கிய கூலிப் பட்டியலை ஊரார் எங்ஙனம் சரிபார்ப்பர்? உத்தரமேரூர் விதி, கணக்குக் காட்டாதானைப் பெயரால் அறிந்து, அவன் சுற்றத்தையும் பெயரால் அறிந்தது. கோட் கிரானாவில் பொய்யை வெளிப்படுத்தியதும் பெயரே. பெயர் மறைந்தால் தொகை மட்டும் எஞ்சும். தொகையைப் பொய் என்று காட்ட ஊராரால் இயலாது.

முடிபு

அறிவுரை, முறையீடு, சபையின் விதி, மக்களின் கணக்குக் கேட்டல் என நான்கு படிநிலைகளை மேலே கண்டோம். முதல் மூன்றனைப் பாடமாகக் கற்பிக்கும் நாம், நான்காவதனைப் பிற துறையார் பொருள் என ஒதுக்கி வந்துள்ளோம். ஊராட்சிக் கணக்கும் சமூகத் தணிக்கை அறிக்கையும் தகவல் விண்ணப்பமும் இக்காலத் தமிழ் உரைநடையின் பகுதிகளே. கல்வெட்டை ஆராயும் கருவிகளால் இவற்றையும் ஆராயலாம். வினைமுதல் எங்கெங்கு மறைகின்றது எனப் பட்டியலிடுதலும், மதிப்பீட்டுச் சொற்களுக்கு ஊரார் வழங்கும் சொல்லைத் தொகுத்தலும், ஒரு சபைக் கணக்கினைப் படித்தால் விளங்கும் தமிழில் எழுதிக் காட்டுதலும் முதுகலை மாணவர் ஆய்வேட்டிற்குத் தக்க பொருள்கள். செங்கம் நடுகற்களைப் படித்தற்குப் பயின்ற கண், கீழ்பென்னாத்தூரைச் சூழ்ந்த ஊர்களின் செலவுச் சீட்டையும் படித்தல் வேண்டும். அது தமிழ்த்துறைக்குப் புறம்பான பணி என்று கொள்ளுதற்குக் காரணம் யாதும் யாம் கண்டிலேம்.