எடிங்டனின் இரண்டு மேசைகள்

கேம்பிரிட்ஜில் வானியற் பேராசிரியராக விளங்கிய ஆதர் எடிங்டன் 1927ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகள், அடுத்த ஆண்டில் ‘பௌதிக உலகின் இயல்பு’ என்னும் நூலாக வெளிவந்தன. நூலின் தோற்றுவாயில் அவர் தம் எழுதுமேசையைக் காட்டி, அஃது ஒன்றன்று, இரண்டு என்கின்றார். ஒன்று சிறுவயது முதற் பழகிய மேசை. பரப்பும் நிறமும் நிலைபேறும் உடையது. எல்லாவற்றுக்கும் மேலாகத் திண்ணியது. மற்றையது விஞ்ஞானத்தின் மேசை. அது பெரும்பாலும் வெறுவெளி. அவ்வெளியில் மின்னேற்றங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிதறிப் பெருவேகத்தோடு ஓடித் திரிகின்றன. அவற்றின் பருமன் முழுவதையும் ஒருங்கு கூட்டினும் மேசையின் பருமனில் அது மிக அற்பமான ஒரு பின்னமே. மேசைமேல் வைத்த தாள் கீழே விழாதிருப்பது, அத்துணிக்கைகள் கீழிருந்து இடைவிடாது மோதி அதனை மேலே தட்டிக்கொண்டிருப்பதால் என்பது அவர் தரும் விளக்கம். உண்மையில் உள்ளது இவ்விரண்டாவது மேசையே எனப் பௌதிகவியல் தமக்கு உறுதி கூறியிருப்பதாகவும் எழுதுகின்றார்.

விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தோருள் எடிங்டனைப் போன்று நடையழகு வாய்க்கப்பெற்றோர் மிகச் சிலரே. அவ்வழகினாலேயே இம்மேசை நூலைவிட்டு வெளியேறி ஊர் சுற்றத் தொடங்கிற்று. அணு வெறுமையானது, ஆகவே திண்மை என்பது புலன்களின் மயக்கம் என்னும் முடிவு மாணவர் பலர் உள்ளத்தில் இன்றும் தங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். விஞ்ஞானங் கற்றல் என்பது கையால் தொட்டறிந்ததை நம்பாதிருக்கக் கற்றல் என்றாகிவிடின் வரும் இழப்புச் சிறிதன்று. அணுவைப் பற்றிய அறிவும், திண்ணிய மேசைகளின்மேல் வைத்த திண்ணிய கருவிகளைக் கண்ணாற் கண்டும் கையால் இயக்கியும் பெற்ற அறிவேயன்றோ? கிளையில் ஏறி நின்று அடிமரம் இல்லையென்று சாதிப்பதை ஒத்தது இவ்வாதம்.

எடிங்டனுக்கு முதலில் வலிய மறுப்பு உரைத்தவர் இலண்டனில் மெய்யியற் பேராசிரியராயிருந்த சுசன் ஸ்டெபிங் அம்மையார். 1937இல் வெளிவந்த ‘மெய்யியலும் பௌதிகவியலாரும்’ என்னும் நூலில் அவர் எழுப்பிய வினா எளியது. ‘திண்ணியது’ என்னும் சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? பலகை, கல் முதலியவற்றை ஒரு பாலும், திண்மையற்ற ஏனையவற்றை மறுபாலும் வைத்து வேறுபடுத்தியே அச்சொல் பொருள் பெற்றது. பலகையே திண்ணியதன்று எனின், அச்சொல்லுக்கு எஞ்சும் பொருள் யாது? இம்மறுப்புக்கு விடை கூறுதல் அரிது. எனினும் அம்மையார் காத்தது சொல்லையே. மேசை கையைத் தடுப்பது எதனால் என்னும் வினாவை அவர் பௌதிகவியலாரிடமே விட்டுவிட்டார். எடிங்டனின் மேசையில் உள்ள குறை மொழிக்குறை மட்டுமன்று. பௌதிகக் குறையும் அதில் உண்டு.

வெறுமை என்னும் கூற்றின் மூலத்தை முதலில் நோக்குதல் வேண்டும். மான்செஸ்ரரில் 1909ஆம் ஆண்டில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளை நோக்கி அல்பாத் துணிக்கைகளைச் செலுத்தினர். மிகப் பெரும்பாலானவை தகட்டை ஊடுருவிச் சென்றன. பிளாற்றினத் தகட்டில் ஏறத்தாழ 8000இல் ஒன்று மாத்திரம் பின்னோக்கித் திரும்பியது. இதனைக்கொண்டு இரதபோட் 1911இல் அணுவின் திணிவு அநேகமாக முழுவதும் நடுவேயுள்ள மிகச் சிறிய கருவில் ஒடுங்கியுள்ளதென நிறுவினார். பொன்னணு ஒன்றை 200 மீற்றர் அகலமுள்ள மைதானமாகப் பெருப்பித்தால், அதன் கரு ஒரு சதமமீற்றர் அளவினதாகவே இருக்கும்.

ஆயின் இப்பரிசோதனையில் அணுவிடம் வினாவியது எது? அல்பாத் துணிக்கை. அஃது இலத்திரனைப்போல் ஏழாயிரம் மடங்குக்கு மேற்பட்ட திணிவுடையது. எதிர்ப்பட்ட இலத்திரன்களைப் பொருட்படுத்தாது விரைந்து செல்வது. அதற்கு அணு வெறுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை. மேசையைத் தொடும் விரல் அல்பாத் துணிக்கை அன்று. அதுவும் இலத்திரன்கள் சூழ்ந்த அணுக்களால் ஆயது. விரலணுவின் இலத்திரன்கள் மேசையணுவின் இலத்திரன்களைச் சந்திக்கும்போது, அல்பாத் துணிக்கை அசட்டை செய்த அவ்விடம் வெறுமையாய் இருப்பதில்லை. ஒன்றுக்கு வெளியாவது மற்றொன்றுக்குச் சுவராகின்றது. மேலும், சுரோடிங்கர் 1926இல் வகுத்த அலைக்கொள்கையின்படி இலத்திரன் என்பது வெற்றிடத்திற் சுற்றித் திரியும் சிறு குண்டன்று. அதன் அலை அணுவின் பருமன் முழுவதும் பரந்துள்ளது. எடிங்டன் இதனை அறியாதவர் அல்லர். அதே நூலின் பத்தாம் அத்தியாயம் இப்புதிய கொள்கையையே விரிக்கின்றது. அவ்வத்தியாயத்தை எழுதிய கை தோற்றுவாயின் மேசையைத் திருத்தாது விட்டதுதான் வியப்பு.

தாளைக் கீழிருந்து தட்டும் துணிக்கைகள் பற்றிய விளக்கம் இன்னும் நலிவுடையது. இடைவிடாத மோதலால் பொருளைத் தாங்குவது வாயுவின் செயல். மேசையைத் தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு அண்மையாகக் குளிரச் செய்தாலும் தாள் அதனுட் புதைந்துவிடாது. பாடநூல்கள் பல இதனைக் கைவிட்டு, இலத்திரன்கள் ஒன்றையொன்று மின்விசையால் தள்ளுகின்றன என்று கூறி அமைகின்றன. அதுவும் பாதி உண்மையே. அணு மொத்தத்தில் மின்னேற்றமற்றது. ஓரணுவின் இலத்திரன் அடுத்த அணுவின் இலத்திரனைத் தள்ளுமாயின், அதன் கருவால் ஈர்க்கவும் படும். நிலையாக நிற்கும் ஏற்றங்களை மின்விசை மாத்திரம் உறுதியான சமநிலையில் வைத்திருத்தல் இயலாதென்பதை ஏண்சோ 1842ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார்.

வேண்டிய மற்றைப் பாதியை 1925இல் பௌலி அளித்தார். சுழற்சியையும் சேர்த்து எண்ணினால், ஒரு நிலையில் ஓர் இலத்திரனுக்கு மேல் இருத்தல் இயலாது என்பது அவருடைய தவிர்க்கைத் தத்துவம். நிறைந்த இரு அணுக்களை ஒன்றன்மேலொன்றாக அழுத்தினால், இடம் பிடிக்கப்பட்ட நிலைகளில் இலத்திரன்கள் மேலும் புக இயலா. அவை கூடிய சத்தியுள்ள நிலைகளுக்கு ஏறியாக வேண்டும். அச்சத்தியை அழுத்துபவனே கொடுத்தல் வேண்டும். தூரம் சிறிது குறைந்தாலும் கொடுக்கவேண்டிய அளவு விரைந்து பெருகுகின்றது. கை உணரும் தடை பெரும்பாலும் இதுவே. 1931இல் பௌலிக்கு லோறன்ஸ் பதக்கம் வழங்கப்பட்டபோது ஏரன்பெஸ்ற் ஆற்றிய உரை, கல்லும் உலோகமும் இத்துணைப் பருமனாயிருப்பது இத்தத்துவத்தாலேயே என்பதை நகைச்சுவையோடு எடுத்துக்காட்டியது. அது கணிதமுறையில் நிறுவப்பட 36 ஆண்டுகள் சென்றன. 1967இல் டைசனும் லெனாடும் நீண்ட, கடினமான நிறுவல் ஒன்றைத் தந்தனர். தவிர்க்கைத் தத்துவம் இல்லையாயின், சாதாரணப் பொருள்கள் இரண்டை ஒன்று சேர்த்தால் அவை சுருங்கி அணுக்குண்டுக்கு ஒப்பான சத்தியை வெளிவிடும் என்பதையும் டைசன் எடுத்துக்காட்டினார். 1975இல் லீப், திறிங் என்னும் இருவர் அதனினும் சுருங்கிய நிறுவலை அளித்தனர்.

இவ்விடத்தில் ஸ்டெபிங் அம்மையாரின் வாதத்துக்குப் பௌதிகவியலிலிருந்தும் ஒரு துணை கிடைக்கின்றது. மேசையின் அணுக்கள் எவ்வளவு வெறுமையோ, நீரின் அணுக்களும் அவ்வளவு வெறுமையே. நீரும் எளிதில் நெருக்கத்தக்கதன்று. தவிர்க்கைத் தத்துவம் அதற்கும் பொதுவாகும். ஆயினும் நீரில் கை அமிழ்கின்றது, மேசையில் அமிழ்வதில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு நழுவுகின்றன; மரத்திலோ பிணைப்புகள் அவற்றைத் தத்தம் இடத்தில் இறுக்கிப் பிடித்துள்ளன. அந்நீரே கொதித்து நீராவியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 1700 மடங்காகின்றது. ஆயின் அணுக்களின் உள்ளே எதுவும் மேலும் வெறுமையாவதில்லை. திண்மமும் திரவமும் வாயுவும் வேறுபடுவது அணுக்களின் அமைவாலும் பிணைப்பாலுமேயன்றி, அவற்றின் உள்வெளியால் அன்று. மூன்றுக்கும் பொதுவான ஒன்றைக் காட்டி, ஒன்றன் சிறப்பியல்பை இல்லையென மறுத்தல் எவ்வளவில் ஏற்புடையது? எடிங்டன் உலகின் மூலப்பொருள் உள்ளத்தின் இயல்பினது என்னும் முடிவை நோக்கிச் செல்பவர். அவ்வழிக்குப் பழகிய மேசை இடையூறாயிருந்தது போலும். அம்முடிவு தன்னளவில் ஆராயத்தக்கதே. ஆயின் இம்மேசை அதற்குச் சான்றாகாது.

அம்மையார் 1943இலும் எடிங்டன் 1944இலும் காலமாயினர். டைசன், லெனாட் ஆகியோரின் நிறுவலை இருவருமே காணவில்லை.