வரைபடத்தில் இல்லாத மின்கலம்: பின்னூட்டற் சுற்றுகளும் தமிழ்வழி விஞ்ஞானமும்

இலக்கியத் திறனாய்வில் நாம் வழங்கும் ‘நயம்’ என்னுஞ் சொல், இலங்கைத் தமிழ்ப் பௌதிகத்தில் விரியலாக்கியின் பயப்புக்கும் பெய்ப்புக்குமுள்ள விகிதத்தைக் குறிக்கின்றது. பெய்தலினின்று பெய்ப்பும் பயத்தலினின்று பயப்பும் பிறந்தன. தாய்மொழிக் கல்வியின் பெறுமதியான பேறு இது. ஆயின், சொல் தமிழாவதால் மட்டும் அறிவு மக்களுடைமையாகிவிடுவதில்லை.

செயற்பாட்டு விரியலாக்கியொன்றின் திறந்த தட நயம் 100,000 எனக் கொள்வோம். 10 கிலோ ஓம், 90 கிலோ ஓம் தடையிகள் வாயிலாகப் பயப்பின் பத்திலொரு பங்கை மறைப் பின்னூட்டலாக அளிப்பின் நயம் 9.999 ஆகும். உள்நயம் பாதியாக வீழ்ந்தாலும் அது 9.998 ஆகவே நிற்கும். பேரளவைத் துறந்து உறுதியைப் பெறுதலே இவ்வடிவமைப்பின் உட்பொருள். ஹரல்ட் பிளாக் 1927இல் தொலைபேசித் தொடர்புக்காகக் கண்ட இத்தத்துவம், இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வழிப்படுத்தும் கணிப்பொறிகளிலும் பயன்பட்டது.

‘இரு பெய்ப்புகளும் சம அழுத்தத்தில் இருக்கும்’ என்னும் விதி மாணவரால் நெட்டுருச் செய்யப்படுகின்றது. இஃது இயற்கை நியதியன்று. மறைப் பின்னூட்டலின் விளைவே. மேற்கூறிய சுற்றுக்கு 2 வோல்ற்று பெய்யப்படின், சூத்திரம் 20 வோல்ற்றைத் தரும். வழங்கல் 15 வோல்ற்றாயின் பயப்பு அதனைத் தாண்டாது, விதியும் முறிந்துவிடும். சக்தி மின்கலத்தினுடையது, பெய்ப்பு அதனை ஆள்கின்றது, அவ்வளவே. எனினும் வழக்கமான வரைபடங்களில் வழங்கல் இணைப்புகளே வரையப்படுவதில்லை. உழைப்பை மறைத்துப் பண்டத்தை மட்டும் காட்டும் சிந்தனைப் பழக்கம் ஈண்டும் தொழிற்படுகின்றது.

ஓமந்தையிலிருந்து நோக்கின் இம்மறைப்பு அற்பமானதன்று. 1990களில் வன்னிக்குள் மின்கலங்கள் செல்வது தடுக்கப்பட்டிருந்தது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்குச் சக்தியின் ஊற்று தம் கால்களே என்பது தெரிந்திருந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் ஓமந்தைச் சோதனைச்சாவடி வன்னியின் வாயிலாயிற்று. எது உட்செல்லலாம் என்பதை நிர்ணயித்தது பௌதிகமன்று, அரசியலே.

சமூகத்தையே மின்சுற்றாகக் காண்பது கொச்சைப் பொருள்முதல்வாதம். அதனை நாம் ஏற்கவில்லை. நாம் வேண்டுவது ஒன்றே: வன்னி மாணவர் வரையும் சுற்றில் மின்கலம் முதலில் இடம்பெறவேண்டும், அவர்தம் ஆய்வுகூட மேசையிலும் அது இருத்தல் வேண்டும்.