ஒரு சொல்லும் ஒரு தேசத்தின் அச்சமும்

அமெரிக்கப் பழமைவாதப் புரொட்டஸ்டண்டுகளின் கம்யூனிச எதிர்ப்பு அந்நாட்டுப் பண்பாட்டில் பதித்த தடங்களைப் பேசுவோர், 1954இல் கொடி உறுதிமொழியில் இறைவனின் பெயர் சேர்க்கப்பட்டதையும், 1956இல் இறைநம்பிக்கை வாசகம் தேசிய முழக்கமானதையும் கூறி நிறுத்திக்கொள்கின்றனர். அவ்வச்சம் அகராதிக்குள்ளும் புகுந்தது. மொழி கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

1952இல் 'ரிவைஸ்டு ஸ்டாண்டர்ட் வெர்ஷன்' எனும் ஆங்கில விவிலியம் முழுமையாக வெளிவந்தது. ஏசாயா 7:14இல் முன்பு 'கன்னி' என்றிருந்ததை அது 'இளம்பெண்' எனப் பெயர்த்தது. எபிரேய மூலச் சொல் 'அல்மா'. அரபு பயின்றோர்க்கு இது அந்நியமன்று. இளைஞனைக் குறிக்கும் 'குலாம்' அதே வேரின் கிளையே. வேர் உணர்த்துவது பருவத்தை. கன்னிமையைச் சுட்ட எபிரேயத்தில் வழக்கமாக ஆளப்படுவது 'பெதூலா'. அடிக்குறிப்பில் 'கன்னி' என்ற பொருளும் தரப்பட்டிருந்தது. மத்தேயு 1:23இலோ கிரேக்கத்திற்கேற்பக் 'கன்னி' என்றே இருந்தது. கோட்பாட்டை மறுக்கும் சூழ்ச்சி இதில் எங்கே?

கிறிஸ்துவுக்கு முற்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பே ஏசாயாவின் இவ்விடத்தில் கன்னியைக் குறிக்கும் சொல்லை ஆள்கிறது என்ற மறுப்பு எடைபோடத்தக்கதே. அது அறிஞர் அவையில் நடந்திருக்க வேண்டிய விவாதம். நடந்ததோ வேறு. அவ்வாண்டே வட கரோலினாவில் ஒரு போதகர் அப்பக்கத்தைத் தீயிட்டார். பதிப்புரிமை தேசியத் திருச்சபைகள் மன்றத்திடம் இருந்தது. அம்மன்றத்தில் கம்யூனிசச் சார்பினர் புகுந்துள்ளனர் என்பது கார்ல் மெக்கின்டயர், பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் போன்றோரின் ஓயாத பிரசாரம். எனவே மொழிபெயர்ப்பும் சிவப்பாயிற்று! 1960இல் அமெரிக்க விமானப்படையின் பயிற்சிக் கையேடொன்று இக்குற்றச்சாட்டை அப்படியே எடுத்தாண்டது. கண்டனம் எழுந்தபின் அது திரும்பப் பெறப்பட்டது. படைவீரனுக்கான பாடத்தில் எந்த விவிலியப் பிரதி ஐயத்திற்குரியது என்ற தீர்ப்பு இடம்பெற்றது சிறிய செய்தியன்று.

சோவியத் ஆட்சியில் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் மூடப்பட்டமை உண்மை, அச்சம் வெறுங்கற்பனையன்று. ஆயினும் ஒரு பெயர்ச்சொல்லின் பொருளறிய அகராதியை விடுத்துப் பெயர்ப்பாளர்களின் அரசியல் தொடர்புகளைத் துருவத் தொடங்கியபோது, வேதத்தைக் காக்க எழுந்தோரே அதன் மூலமொழியை இரண்டாமிடத்துக்குத் தள்ளினர்.

1978இல் பழமைவாத அறிஞர்கள் தமக்கென 'நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்' எனும் பெயர்ப்பை முழுமையாக வெளியிட்டனர். அதில் ஏசாயாவின் அவ்விடம் மீண்டும் 'கன்னி' ஆயிற்று. அம்முடிவில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதனோடு எபிரேயத்தை வைத்துக்கொண்டு வாதிட முடியும்.